முடி முளைத்த உருண்டை

1

“மரத்துல கட்டுன இளங்கொடிய அவுத்துத் தாங்க. அதுக்குள்ள சுத்தி வச்சிருக்கிற பிண்டம் எனக்கு வேணும்.”

கேட்டவள் ஓவியா. கால்நடை மருத்துவர். கூடலூர்ப் பக்கத்து மருந்தகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. செத்தது எதையும், எவர் வாசலிலும் நின்று, குடுங்க என்று கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். கேட்டுவிட்டாள்.

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு நான் கொஞ்சம் பேச வேண்டும். நான் என்றால் இதை எழுதுகிறவள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து வைத்துக் கடைசியில் காட்டி ஆச்சரியப்படுத்தும் வித்தையெல்லாம் எனக்கு வராது. ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்தது.

தேனியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எம்.ஏ. வரை போனவள், அடுத்தவர்களின் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோபம் இதில் அங்கங்கே தட்டுப்படும், துடைப்பதாக உத்தேசமில்லை. ஒருநாள் கால்நடை மருத்துவம் படிக்கும் பெண்ணொருத்தி ஒரு கட்டு நோட்ஸ் கொண்டுவந்தாள். வீட்டு விலங்குகளுக்கு வரும் திசு வளர்ச்சிக் கோளாறுகள் பற்றியது. ஒரு பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்க்கப் போனபோது படம் கண்ணில் பட்டது. மேசைமேல் ஓர் உருண்டை. கால்பந்தைவிடச் சின்னது. அதன்மேல் மாட்டு முடி. கீழே எழுதியிருந்தது: பசு, இரட்டையரில் ஒன்று, இதயம் இல்லை.

“இதயம் இல்லாம எப்படிங்க இம்புட்டு வளந்துச்சு?”

“கூடப் பிறந்ததோட இதயத்துல” என்றாள் அந்தப் பெண், செல்லைப் பார்த்துக்கொண்டே.

அவள் போய்விட்டாள். நான் அன்று மாலைவரை யாருக்கு எத்தனை நகல் என்று தப்புத் தப்பாகப் போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். எனக்குள் ஒரே வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது: கூடப் பிறந்ததோட இதயத்துல.

2

அந்த நோட்ஸில் இன்னொன்றும் இருந்தது. ஓர் உறுப்பு உருவாகாமலே போகலாம். உருவாகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோகலாம். முழுசாக வளர்ந்து, அப்புறம் தேயலாம். தேவைக்குமேல் பெருகலாம். ஒன்றாக இருந்தது வேறொன்றாக மாறலாம். அந்தப் பெண்ணுக்கு அது பரீட்சைக்குப் படிக்கிற பாடம். எனக்கு, நான் எழுதிக் கிழித்த தொடக்கங்களின் ஜாதகம்.

உருவாகாமலே போன தொடக்கம் இது: [ ]

நின்றுபோனது இது: “கூடலூரில் மழை விட்டிருந்தது. மேற்கே மலையின் தலையில் மேகம் ஒரு துண்டைப்போல—” துண்டைப்போல என்ன? மேகத்தைத் துண்டாக்காமல் ஒரு கதையைத் தொடங்க முடியாதா என்று என்மேலேயே எரிச்சல் வந்து பேனாவை வைத்துவிட்டேன்.

மூன்றாவது நன்றாகவே வளர்ந்தது. ஓவியா தெருவிளக்கில் உட்கார்ந்து படித்தாள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அழுகை வரும்படி இருந்தது. பொய் என்பதால் மறுநாளே தேய்ந்துபோனது. எங்கள் தலைமுறை தெருவிளக்கில் படிக்கவில்லை. அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கித் தந்த, திரை விரிசல் விட்ட செல்போனில் படித்தோம். ஏழ்மை என்றால் உங்களுக்குத் தெருவிளக்குதான் வேண்டுமென்றால், மன்னிக்கவும், ஸ்டாக் இல்லை.

ஆக, கதையை அது நடக்கிற இடத்திலேயே தொடங்குகிறேன். தொழுவத்தில்.

3

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது ராக்கையாவின் வீடு. மகன் பாண்டீஸ்வரன் ஜீப் ஓட்டுகிறவன். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவான். வீட்டில் இருப்பது ராக்கையாவும், மருமகள் சினேகாவும், ஒரு செவலைப் பசுவும். பசு சினேகாவுடையது. சீராக வந்ததல்ல, கல்யாணத்துக்கு முன்னால் அவள் நர்சரியில் நாற்றுக்குப் பை நிரப்பிச் சம்பாதித்து வாங்கியது. சினேகாவுக்கே இப்போது மாசம் ஆறு.

பசு காலையில் கிடேரிக்கன்று ஒன்றை ஈன்றது. நல்ல கன்று. ஆனால் கன்று போட்ட பிறகும் முக்குவதை நிறுத்தவில்லை. சினேகா போன் போட்டாள். ஓவியா வந்தாள். முழங்கைக்கு மேல்வரை உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.

இரட்டை என்று புரிந்தது. உள்ளே இன்னொன்று கிடக்கிறது. கை காலைத் தேடியது. கால் இல்லை. மூக்கைத் தேடியது. தாடையை, காதை, வாலைத் தேடியது. கண்ணை மூடிக்கொண்டு கையால் பார்ப்பதுதான் அந்த வேலை. விரல் நுனியில்தான் கண். எந்தப் பக்கம் திருப்பினாலும் வழவழவென்று முடி. ஈரமான, சின்னஞ்சிறு கன்றின் முடி. முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. ஓவியா இதைப் பாடத்தில் படித்திருக்கிறாள். படத்தில் பார்த்திருக்கிறாள். ஆனால் படத்துக்கு வெதுவெதுப்பு கிடையாதே.

“என்ன டாக்டர், கால் மடங்கிக் கிடக்கா?” என்றாள் சினேகா.

“காலே இல்ல” என்றாள் ஓவியா.

பசு ஒரு முக்கு முக்கியது. உருண்டையும், இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடியும் ஒன்றாக வழுக்கி வந்து வைக்கோல்மேல் விழுந்தன.

ராக்கையா எட்டிப் பார்த்தார். “இதென்னடா கருமம்! ஏத்தா, நீ பாக்காத. வயித்துப் பிள்ளக்காரி, அங்கிட்டுத் திரும்பு.”

சினேகா திரும்பவில்லை.

ஓவியா பம்புசெட்டுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் வைக்கோல் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தில், மாடு ஈன்றால் இளங்கொடியை வைக்கோல் பிரியில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடிகிற மரம் ஒன்றில் தொங்கவிடுவார்கள். நாய் வாய்வைத்தால் மடி வற்றிவிடும் என்பார்கள். அதில் கத்தியும் படக்கூடாது. உருண்டையோ கொடியோடு ஒட்டிப் பிறந்தது. கத்தி படாமல் எப்படிப் பிரிப்பது? ராக்கையா பிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சுருட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டுபோய், வாய்க்காலோரத்து ஆலமரத்தில் ஆள்விட்டு ஏற்றிக் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

[ஒரு வார்த்தை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. முறையை இம்மி பிசகாமல் செய்ததால் வந்த பிழை. கன்றின் உடன்பிறப்பை இளங்கொடியோடு சேர்த்து மரத்தில் கட்டிவிட்டார்கள். உலகத்தில் வேறெங்கும் இதைச் செய்ய ஆளில்லை.]

திரும்பி வந்த ராக்கையா தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்தார்.

“பிண்டம் போட்ட மாடு வீட்டுல நிக்கக் கூடாது. சந்தையன்னைக்குக் குமுளிப் பக்கம் கறிக்குப் போற வண்டியில தாயையும் கன்னையும் ஏத்தி விட்டுருவோம். இவ வயித்துல வேற பிள்ள இருக்கு.”

“மாடு என்னோடது மாமா” என்றாள் சினேகா.

“பிள்ள எங்க வம்சத்தது ஆத்தா.”

ஓவியாவுக்கு இப்போது இரண்டு விஷயம் தெரியும். பசுவுக்கு எந்தக் கேடும் இல்லை. அது அடுத்த முறை நல்லபடி ஈனும். கன்றும் கொழுகொழுவென்று எழுந்து நிற்கிறது. ஆனால் வாயால் சொன்னால் ராக்கையா கேட்கிற ஆளில்லை. அறுத்துக் காட்ட வேண்டும். அறுக்க அந்த உருண்டை வேண்டும். அப்போதுதான் கேட்டாள், நான் மேலே முதல் வரியாக எழுதியதை.

4

கேட்டதும் ராக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். விவரித்தால் உங்களுக்கு இரக்கம் வரும், உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்.

ஓவியாவின் அம்மா அக்கம்மாள் பிறந்தது இந்தப் பகுதியில்தான். அவளுடைய அப்பா முத்துவீரன், எங்காவது மாடு செத்தது என்று காதில் விழுந்தால் போய், வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, “செத்தது இருக்கா சாமி, எடுத்துக்கிறட்டா?” என்று கேட்பார். கூடவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கம்மாள் நிற்பாள். அவள் அன்று பார்த்த முகங்கள் அவளுக்கு இன்றும் அத்துப்படி. கல்யாணமாகித் தேவதானப்பட்டிக்குப் போனபின் இந்தத் திசைக்கே திரும்பவில்லை. மகளுக்கு மாட்டு டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தபோது சொன்னாள்:

“படி. ஆனா உசுரோட இருக்கிற மாட்டத் தொடு. ஒங்க தாத்தா வாழ்நாள் பூரா செத்ததைக் கேட்டு நின்னாக. நீ எவன் வாசல்லயும் அதைக் கேட்டுறாத.”

கல்லூரியில் செத்த மாட்டை மேசைமேல் போட்டு அறுத்துத்தான் பாதிப் படிப்பு. ஓவியா அதை அம்மாவிடம் சொன்னதில்லை. அங்கே யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேசைக்குத் தானாக வந்தது. வேலை கிடைத்ததோ இதே கூடலூர்ப் பக்கம். அக்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கூடவே வந்து வாடகை வீட்டில் சோறாக்கிப் போடுகிறாள்.

ராக்கையா சிரித்தார். “முத்துவீரன் பேத்தியாம்ல நீ? சொன்னாக. டாக்டருக்குப் படிச்சாலும் கேக்குறது அதேதான்.”

இந்த இடத்தில் ஓவியாவுக்கு ஒரு வீர வசனம் எழுதினேன். ஏழெட்டு வரி, தீப்பொறி. அப்புறம் அடித்துவிட்டேன். காதுமடல் கொதிக்கும்போது யாருக்கும் ஏழெட்டு வரி வராது. எனக்குத் தெரியும், எனக்கு வந்ததில்லை.

அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஆமா. அதேதான் கேக்குறேன். தாரீகளா, இல்லையா?”

“நாங்க கட்டுனதை நாங்களே அவுக்க மாட்டோம். அவுத்தா மடி வத்திரும்.”

“நான் அவுக்கிறேன்.”

“ஏணி கெடையாது.”

“கேக்கலையே” என்றாள் ஓவியா.

5

நான் ஆலமரத்தில் ஏறியதில்லை. ஏறியவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அது போதும் என்று நினைக்கிறேன்; இந்தக் கதைக்கு வேண்டியது அந்த அண்ணாந்த கழுத்துதான்.

ஓவியா விழுதைப் பிடித்து, பேண்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு ஏறினாள். பாதி உயரத்தில் நின்றுவிட்டாள். கீழிருந்து பார்த்தபோது நாலைந்து சாக்குக் கட்டுகள்தான் தெரிந்தன. உள்ளே வந்தால் கிளைக்குக் கிளை தொங்குகின்றன. நேற்றையது, போன வருஷத்தது, நைந்து வெறும் நாராகிக் குளவிக்கூடு போலச் சுருங்கியது, மரத்தின் தோலே மேலேறி விழுங்கிவிட்ட கயிற்று முடிச்சு. ஊரில் பிறந்த ஒவ்வொரு கன்றுக்கும் இங்கே ஒரு கட்டு. செத்துப்போன மாடுகள், விற்றுப்போன மாடுகள், பால் வற்றிப் பேர்கூட மறந்துபோன மாடுகள், எல்லாம் வந்து இறங்கிய கதவுகள் காற்றில் ஆடுகின்றன. பிறந்ததை யாரும் இந்த மரத்தைப்போல நினைவு வைத்திருக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரின் சத்தம் கீழே எங்கோ கேட்டது. ஓவியாவுக்குக் கோபம் கொஞ்ச நேரம் மறந்தே போனது.

“ஏ டாக்டரு! ஈரமா இருக்கிறதுதான் நம்மளது!” கீழேயிருந்து சினேகாவின் குரல்.

வயிற்றுப் பிள்ளைக்காரி இந்த மரத்தடிக்கு வரக்கூடாது. வந்திருந்தாள். ஒரு வாளி தண்ணீரும் தேங்காய்ச் சிரட்டையில் உப்பும் கொண்டுவந்திருந்தாள். உப்பு எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. இறைச்சி என்றால் உப்பு, அவ்வளவுதான். இருபதடி தள்ளி ராக்கையா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பார்க்கமாட்டேன் என்கிறவர்கள் நிற்கும் தூரம் அது, அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

6

கட்டை இறக்கி, வாய்க்காலோரத்துத் துவைகல்லில் வைத்து அறுத்தாள்.

முதலில் வெளியே. செவலை நிறம், தாயைப் போலவே. முடி ஒரு பக்கம் சுழன்று சுழி விட்டிருந்தது. சுழி பார்த்துத்தானே மாடு வாங்குவார்கள்? நெற்றியே இல்லாத இதற்கும் சுழி.

தோலைக் கீறினாள். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாகக் கொழுப்பு. அதற்குள் எலும்புத் துண்டுகள், ஒன்றோடொன்று மூட்டுப்போட்டு, கழுத்தாகப் போவதுபோல் கொஞ்ச தூரம் போய், எதிலும் சேராமல் முடிந்தன. சுண்டுவிரல் நீளத்துக்குக் குடல், அழகாகச் சுருண்டு, இரண்டு நுனியும் மூடிய குடல். எதையும் தின்னப்போவதில்லை என்று தெரிந்தும் உருவான குடல். மூளை இல்லை. ஈரல் இல்லை. இதயம் இருக்க வேண்டிய இடம் என்றுகூட ஓர் இடம் இல்லை.

[இங்கே பக்கம் பக்கமாக எழுதினேன், தேவைக்குமேல் பெருகிவிட்டது, வெட்டிவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: தனக்கு ஆக வேண்டியது ஒன்றுமே இல்லாதபோதும் உடம்பு முடியை மட்டும் மறக்காமல் முளைக்க வைத்திருக்கிறது. வெளியே வந்தால் குளிருமே என்று.]

“இந்தா பாருங்க” என்று ஓவியா இளங்கொடியை விரித்தாள். உருண்டையிலிருந்து வந்த ரத்தக்குழாய் கொடிக்குள் ஓடி, இன்னொரு தடித்த குழாயோடு சேர்ந்திருந்தது. “இந்தத் தடிச்சது ஒங்க கன்னுக்குட்டியோடது. ரெண்டும் இங்கன சேந்துருக்கு. அவ இதயம் அடிக்கையில அந்த ரத்தம் இதுக்குள்ளயும் வந்து போயிருக்கு. இதுக்குன்னு ஒரு இதயம் கெடையாது. வயித்துக்குள்ள இருந்த காலம் பூரா அவளே ரெண்டு பேருக்கும் சேத்து அடிச்சிருக்கா.”

சினேகா குந்த முடியாமல் குனிந்து பார்த்தாள். “வலிச்சிருக்குமா இதுக்கு?”

“வலிக்கிறதுக்கு மூளை வேணும். இல்ல.”

“கன்னுக்கு?”

ஓவியா யோசித்தாள். “பாரமா இருந்திருக்கும்.”

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ராக்கையா பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்புறம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், கோயிலில் கட்டுவதுபோல.

“அப்ப இது பிண்டமில்லையா?”

“பிண்டமில்ல. கூடப் பெறந்தது. ஆரம்பத்துலயே வளர்ச்சி கோணிருச்சு. ஒங்க மாட்டுமேல குத்தமில்ல. யார் கண்ணும் படல. ஒங்க மருமக வயித்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“நானும் அம்பது ஈத்துப் பாத்துருப்பேன்” என்றார் அவர். “ஒரு நெஞ்சு ரெண்டு ஒடம்ப வளக்கும்னு…” முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப்போவதில்லை. அவரைப் பிடிக்காத எனக்கே அந்த நிமிஷம் அவரைப் பிடித்திருந்தது.

“தாயி இருக்கட்டும்” என்றார். “வண்டியேத்தல.”

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிவு வென்றது, மரியாதை கிடைத்தது, பத்திரிகைக்கு அனுப்பலாம். ராக்கையா முடியவிடவில்லை.

“சரி டாக்டரு, அந்தக் கிடேரி… வளந்தா சினை பிடிக்குமில்ல?”

7

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் மலடாகிவிடும். வயிற்றுக்குள் இரண்டின் ரத்தமும் கலப்பதால், கிடேரியின் கருப்பை வளராமல் நின்றுவிடுகிறது. மாடு வளர்க்கும் பலருக்கு இது தெரியும். ஆனால் உருண்டை எதில் சேர்த்தி? காளையா, கிடேரியா? பார்த்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஓவியா படித்த புத்தகங்களும் இந்த இடத்தில் மென்று விழுங்குகின்றன.

ஆனால் கன்றைச் சோதிக்கலாம். நாலைந்து நாள் போய்த் தெம்பானபின், வழவழப்புத் தடவிய ஒரு கண்ணாடிக்குழாயை மெதுவாகப் பிறப்புறுப்புக்குள் விட்டுப் பார்ப்பது. வழக்கமான ஆழம் போனால் பெரும்பாலும் பயமில்லை. பாதியில் முட்டினால் மலடு. முட்டிவிட்டால் கன்று வண்டி ஏறும். தன்னோடு சேர்த்து இன்னொரு உடம்பையும் சுமந்து வளர்த்தவள், ஒரு கருப்பை குறைந்ததால் இறைச்சியாகப் போவாள்.

எனக்கு இங்கே ரத்தம் கொதித்தது. பிறந்த அன்றைக்கே கேட்கிறார்கள், இவள் பெறுவாளா என்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா என் மாதவிலக்கு தவறாமல் வருகிறதா என்று காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள். அந்தக் கோபத்தில் ஒரு முடிவு எழுதினேன்:

“ஓவியா ராக்கையாவை நேருக்கு நேர் பார்த்து, ‘பிடிக்கும்’ என்றாள்.”

பொய். ஆனால் கன்று பிழைக்கும். இரண்டு வருஷம் தின்னும், வெயில் காயும், அதற்குள் யாருக்காவது அதன்மேல் பாசம் வந்துவிடும். நல்ல முடிவுதானே? நகல் எடுத்து மடித்தும் வைத்தேன்.

சினேகா விடவில்லை. அவளை நான் படைத்தபோது கண்ணீரும் கம்பலையுமான ஒரு மருமகளாகத்தான் நினைத்தேன். ஓவியா வந்து காப்பாற்றுவாள் என்று திட்டம். அவள் ஆறுமாத வயிற்றோடு தொடக்கத்திலிருந்தே வேறாக மாறிக்கொண்டிருந்தாள். நான்தான் கவனிக்கவில்லை. ஓவியா வாயைத் திறப்பதற்குள் துவைகல் பக்கத்திலிருந்து சொன்னாள்:

“டாக்டர், சமாளிக்கிறதுக்காக எதையும் சொல்லிறாதீக. ஒங்க மொகத்துலயே தெரியுது.”

“இல்ல சினேகா, இப்போதைக்குத் தெரியாது. ரெண்டு வருசம் வளத்துப் பாத்தா…”

“ரெண்டு வருசம் புல்லறுக்கிறது யாரு? நீங்களா? இடுப்புல பிள்ளையோட நான்தான் அறுக்கணும். தெரிஞ்சுக்க வழி இருக்கா இல்லையா?”

“…இருக்கு.”

“அப்ப பாத்துச் சொல்லுங்க. மலடுன்னா என்ன செய்யணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். என் மாடு, என் கன்னு. மாமாவும் முடிவு பண்ண வேணாம், நீங்களும் முடிவு பண்ண வேணாம்.”

“மலடுன்னா வச்சுக்கிருவியா?” என்று ஓவியா கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நானும் கேட்டிருப்பேன்.

“தெரியாது. இன்னைக்குக் காலையில வரைக்கும் வெறும் கன்னு. இப்பப் போயி அது மொகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.” சினேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தெரிஞ்சுக்கிட்டு அனுப்புனா அது என் பாவம். தெரியாம வச்சிருந்தா அது ஒங்க பொய்யி. என் பாவம் எனக்குப் போதும்.”

‘பிடிக்கும்’ என்ற முடிவைக் கிழித்துப்போட்டேன். அறுத்ததையெல்லாம் பழையபடி சுருட்டி, ஓவியாவே மறுபடி மரத்தில் ஏறிக் கட்டினாள். கல்லூரிக்குக் கண்ணாடி ஜாடியில் அனுப்பியிருக்கலாம், அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். அந்த மரம் அதைவிடப் பெரிய அருங்காட்சியகம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தைக்கு முந்தின நாள் காலையில் வந்து சோதிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

8

இனி முடிவு. மூன்று இருக்கின்றன, மூன்றும் அரைகுறை.

குழாய் முழுசாகப் போகிறது. கன்று வளர்ந்து ஈன்று, பால் கறந்து… எழுதும்போதே கொட்டாவி வருகிறது. ஆனால் அது நடக்கலாம், நடப்பதற்கு நான் கொட்டாவி விடுவது தடையல்ல.

குழாய் முட்டுகிறது. சினேகா அனுப்பிவிடுகிறாள். ஜீப்பில் வந்த பாண்டீஸ்வரன் மலைப்பாதையில் அந்த வண்டிக்குப் பின்னாலேயே போக நேர்ந்து— வேண்டாம். இதை எழுத எனக்குத் தைரியமில்லை.

குழாய் முட்டுகிறது. சினேகா வைத்துக்கொள்கிறாள். ஊர் சிரிக்கிறது. இதை எழுத எனக்கு ஆசை. ஆசைதான் சந்தேகமாக இருக்கிறது. சினேகா புல்லறுப்பாள், நான் பேனாவை மூடிவிட்டுத் தூங்குவேன்.

ஆகவே அளவை நான் எழுதப்போவதில்லை. சினேகா கேட்டதுபோல, அளந்து சொல்வது வரைதான் ஓவியாவின் வேலை. அவள் கையில் குழாயைக் கொடுப்பது வரைதான் என் வேலை. மீதி உங்கள் தொழுவத்தில் நடக்கட்டும். கன்றை உங்களிடம் கட்டிவிட்டுப் போகிறேன். எழுந்து பாலுக்கு முட்டும். அதன் நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த காட்சி இன்னும் ஒன்று இருக்கிறது. சோதனைக்குப் போக வேண்டிய அந்தக் காலை, கூடலூர் வாடகை வீடு.

அக்கம்மாளுக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள், திரும்பாமல்: “மரமேறி எடுத்தியாம்ல?”

“ஆமாம்மா.”

“கேட்டு வாங்குனியா, சும்மா எடுத்தியா?”

“கேட்டேன். தர மாட்டேன்னாக. நானே எடுத்தேன்.”

“எங்கய்யா பேரச் சொன்னாகளா?”

“சொன்னாக.”

அக்கம்மாள் துணியை இன்னொரு தரம் பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்து முடித்த துணி. “மாத்தலுக்கு எழுதிக் குடு. இல்ல, இந்த வேல வேணாம்னு வந்துரு. தேவதானப்பட்டிக்குப் போயிருவோம். இன்னொரு தடவ அந்த வாசல்ல நீ நிக்கக் கூடாது.”

“இன்னைக்குப் போறேன்மா.”

“கன்னு மலடுன்னு சொன்னா ஒன்னத்தான் ஏசுவாக. மலடு இல்லைன்னு சொல்லி, பெறகு மலடாப் போனாலும் ஒன்னத்தான் ஏசுவாக. தெரியுமா?”

“தெரியும்.”

“பெறகு எதுக்குடி?”

ஓவியா கண்ணாடிக்குழாயைக் கொதிநீரிலிருந்து எடுத்து, துடைத்து, உறையில் போட்டாள். சொல்ல நிறைய இருந்தது. அம்மா ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்க விடப்படாத வாசலுக்குள் பிறந்த ஒன்றைத் தான் திறந்து பார்த்துவிட்டதை, அதற்குள் இருந்த சுருள் குடலை, அந்தச் சுழியை, ராக்கையா துண்டை இடுப்பில் கட்டியதை. எதைச் சொன்னாலும் அம்மாவின் கையில் அந்தக் கயிறு இன்னும் இருக்கும்.

“அங்க ஒருத்தி உண்மையைக் கேட்டுட்டு நிக்கிறாம்மா” என்றாள். “என்ன வந்தாலும் அதை அப்படியே சொல்லப்போறேன். இனிமே செத்ததை அறுத்துப் பாத்தாத்தான் உசுரோட இருக்கிறது பிழைக்கும்னா, எவன் வாசல்லயும் நின்னு கேப்பேன். மாத்தலுக்கு எழுத மாட்டேன்.”

“சாப்புட்டாவது போ.”

“வந்து சாப்புடுறேன்.”

செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் போய் முடிந்து தெரு காலியாக இருந்தது. அவள் படியிறங்கி நடந்தாள்.